செருப்பு கிடந்தால் வண்டி நகராது

கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஆளுக்கு ‘நோ ஷோ’ என்று ஒரு பெயர் உண்டு என்பது, அறுபதை நெருங்கும் வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் சின்ன டிவி மாதிரி ஒன்றை மாட்டியிருப்பார்கள். டிக்கெட் வாங்கிய ஆள் திரும்ப ஏறினால் டிக்கெட்டுக்கு நேரே பச்சை எரியும். ஏறாவிட்டால் நோ ஷோ. தோப்பில் தூங்கிப்போனாரா, ஆட்டோ பிடித்துப் போனாரா, அலை இழுத்துக்கொண்டதா, அந்தப் பெட்டிக்கு எல்லாம் ஒன்றுதான். ஆபத்து என்று காட்ட ஒரு சிவப்பு நிறம்கூட அதற்குக் கிடையாது. சாம்பல் நிறத்தில் மங்கலாகக் காட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடும்.

இப்போது லைனில் ஓட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் போன் செய்து, “அண்ணா, அந்தச் செருப்பு விஷயத்த எழுதி வைங்கண்ணா. நாங்க சொன்னா கதை வுடறோம்னு சிரிக்கறாங்க” என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்கிறாள் என் மனைவி. ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நான் நகரிக்காரன், பெயர் ஏகாம்பரம். எங்கள் வீட்டில் நைனா, அம்மா, அண்ணன் எல்லோருக்கும் தறிதான் சோறு போட்டது. பவர்லூம் சத்தத்தில் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அது பிடிக்காமல் லாரியில் கிளீனராக ஏறினேன், லைசென்ஸ் எடுத்தேன், திருப்பதியில் கொஞ்ச காலம் டாக்ஸி ஓட்டினேன், கடைசியில் கடற்கரை ஷேர் வேன் லைனுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எந்தக் கடற்கரை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்வார்கள். நாயுடுப்பேட்டையிலிருந்து கிழக்கே போகிற சாலை, கடைசியில் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். அதற்குத் தெற்கே ஒரு முகத்துவாரம். எங்கள் ஜனங்கள் யார் என்றால், திருமலையில் தரிசனம் முடித்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வருகிற குடும்பங்கள், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற தமிழ்நாட்டுப் பையன்கள், பெண்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்காவது போகவேண்டும் என்று கிளம்புகிற திருப்பதி காலேஜ் கூட்டம். காலையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவோம். அவர்கள் குளித்து, தின்று, சண்டை போட்டு, சமாதானமாகி வருகிறவரை வண்டி தோப்பு நிழலில் நிற்கும். பிறகு வரிசைப்படி கிளம்புவோம். வரிசையை முறித்தவனோடு லைனில் யாரும் பேசமாட்டார்கள்.

வரிசைக்கு மேஸ்திரி சுப்பராயுடு. அசோசியேஷன் தலைவர் என்று போர்டில் போட்டிருந்தாலும் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். தோப்பு ஓரத்தில் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். வாயில் வெற்றிலை இருப்பதால் பாதிப் பேச்சு கைதான். ஒரு விரலைத் தூக்கினால் முதல் வண்டி கிளம்பவேண்டும், உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிற்கவேண்டும். யாராவது எதிர்த்துப் பேசினால் பதில் சொல்லமாட்டார், அவன் காலைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஆள் தன் காலைத் தானே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வரிசையில் போய் நின்றுவிடுவான். இந்தப் பார்வைக்கு நான் இரண்டு முறை ஆளாகியிருக்கிறேன், அதற்குப் பதில் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவருக்கு இந்தக் கால் பார்க்கிற பழக்கம் வந்த கதையைச் சொல்லவேண்டும். நான் லைனுக்கு வந்த புதிதில் ஒரு காலேஜ் பையன் தனியாகக் கடலுக்கு வந்து அலையோடு போய்விட்டான். அவன் வரவில்லை என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வண்டியில் வந்தவன் அந்த வண்டியில் போயிருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். மறுநாள் மீன்காரர்கள் கண்டெடுத்தார்கள். அவனுடைய நைனா ராமகுப்பம் பக்கத்து ஆள், பட்டுப்பூச்சி வளர்க்கிறவர். வந்தவர் அழவில்லை, கத்தவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய், கதவருகில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

“எம் பையன் உங்க வண்டியிலயா சாமி வந்தான்?”

தெரியவில்லை என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் சிலர், பயத்தில். என் வண்டிக்கும் வந்தார். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவன் கடைசியாக எந்த சீட்டில் உட்கார்ந்து வந்தான், ஜன்னல் ஓரமா, யாரோடாவது பேசினானா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் மனிதர். அதைக்கூடச் சொல்ல ஒரு நாதி இல்லாமல் நாங்கள் வரிசையாக நின்றோம். கடைசி வண்டிவரை கேட்டுவிட்டு அவர் ரோட்டைப் பார்த்து நடந்தார். மேஸ்திரி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து சட்டம் வந்தது. இறங்குகிறவர்கள் செருப்பை வண்டியிலேயே, தன் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கவேண்டும். எந்த வண்டியில் வந்தார்களோ அதில்தான் திரும்பவேண்டும். ஜனங்களுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. மணலில் செருப்பைத் தொலைக்கிற தொல்லை இல்லை, திரும்பும்போது சீட் யாரும் பிடிக்கமாட்டார்கள், துண்டு போட்டு வைக்கிற வேலையும் மிச்சம். டிரைவர் வேலை என்னவென்றால், கிளம்புவதற்கு முன் குனிந்து ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் பார்க்கவேண்டும். எல்லாச் செருப்பும் காலில் இருந்தால் கிளம்பலாம். ஒரு ஜோடி கிடந்தால் வண்டி நகராது. அது மட்டுமில்லை, அதற்குப் பின்னால் நிற்கிற எந்த வண்டியும் நகராது. ஹாரனை விடாமல் நீளமாக அடிக்கவேண்டும். ஒரு டிரைவர் வடக்கே, ஒரு டிரைவர் தெற்கே தேடிக்கொண்டு போகவேண்டும். பின்வண்டிக்காரனுக்கும் பிழைப்பு கெடுகிறது அல்லவா, அதனால் எல்லோரும் தேடுவார்கள். தேடிப்போனால் முக்கால்வாசி நேரம் ஆள் தோப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். திட்டிக்கொண்டே எழுப்பி அழைத்து வருவோம். அந்தத் திட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்ததை எங்களில் யாரும் யோசிக்கவில்லை. திருப்பதியைச் சுற்றி வண்டி ஓட்டுகிற எங்களுக்கே தோன்றாமல் போனதுதான் வெட்கக்கேடு. வேண்டுதல் வைத்து நடந்து வருகிறவர்களுக்குச் செருப்பு ஏது?

அப்படி ஒரு ஆள் வந்து இறங்கினார். மஞ்சள் வேட்டி, மொட்டை, வெறும் கால். பையோ துண்டோ ஒன்றும் இல்லை. தனி ஆள். ஏதாவது ஒன்றை வண்டியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால், “கட்டியிருக்கிறது தவிர ஒண்ணும் இல்லீங்களே” என்று சிரித்துவிட்டுக் கடலுக்கு நடந்துவிட்டார். மேஸ்திரி எழுந்து வந்தார். தன் டயர் செருப்பைக் கழற்றி, அந்த ஆள் உட்கார்ந்து வந்த சீட்டுக்கு அடியில், நுனி உள்பக்கம் பார்க்க வைத்தார். திரும்பப் போய்க் கூடையில் உட்கார்ந்தார். சித்திரை மாத வெயில், மத்தியானத்தில் அந்த மணல் தோசைக்கல் மாதிரி இருக்கும். வண்டிக்கு வண்டி போய்வர வேண்டிய மனிதர் நொண்டி நொண்டி நடந்தார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

“உங்க செருப்பு அங்கதான கீது மேஸ்திரி, போட்டுக்கினா இன்னா?” என்றேன்.

“அது அவன் செருப்பு. அவன் வர்ற வரைக்கும் அவன்துதான்” என்றார்.

சாயங்காலம் அந்த ஆள் ஈர வேட்டியோடு வந்து, நடந்தது ஒன்றும் தெரியாமல், தன் சீட்டில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரி காலைப் பானைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வெறுங்காலோடு தனியாக வருகிற ஆளுக்கு டிரைவர் செருப்பு. எழுதாத சட்டம். சுடுகிற கால் மறக்கவிடாது, அதுதான் கணக்கு. மேஸ்திரி போன பிறகும் பல வருடம் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். அதற்கப்புறம் அந்தக் கடற்கரையில் அலையோடு ஆள் போகவே இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். கடல் கடல்தான். ஆனால் போன ஆள் எந்த வண்டியில் வந்தான் என்று கேட்டு எந்தத் தகப்பனும் வரிசையில் அலையவில்லை.

அப்புறம் கம்பெனி வந்தது. சாலையை அகலப்படுத்தினார்கள், தோப்பில் பாதியை வெட்டி டைல்ஸ் போட்டார்கள், ஏ.சி. மினி பஸ்களை இறக்கினார்கள். எங்கள் வண்டிகளுக்குப் பெர்மிட் புதுப்பிக்கவில்லை. ஓட்டத் தெரிந்த எங்களில் சிலரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா, நானும் சேர்ந்தேன். நீலச் சட்டை, கறுப்பு ஷூ. தடா பக்கத்துக் குமாரியும் சேர்ந்தாள். கணவனோடு மாற்றி மாற்றிச் சொந்த வேன் ஓட்டியவள், லைனில் அவள் அளவுக்கு ரிவர்ஸ் எடுக்கிற ஆள் கிடையாது.

மேனேஜர் சென்னைக்காரர். முப்பது வயதிருக்கும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்களை எல்லாம் ‘அங்கிள்’ என்பார். முதல் நாளே கூட்டி வைத்து அழகாகச் சொன்னார். பஸ் இனிமேல் ஆளுக்காக நிற்காது, அரைமணிக்கு ஒன்று நேரத்துக்குக் கிளம்பும். வந்த பஸ்ஸில்தான் திரும்பவேண்டும் என்பதில்லை, எதில் வேண்டுமானாலும் ஏறலாம். கடற்கரையில் ஹாரன் கூடாது. செருப்பை பஸ்ஸில் விடக்கூடாது, நாற்றம், சுகாதாரக்கேடு. வாசலில் ரேக் வைத்திருக்கிறோம், அங்கே விடட்டும்.

“சாயங்காலம் ரேக்குல மிச்சம் இருந்தா சார்?” என்று குமாரி கேட்டாள்.

“கிளீனிங் ஆளுங்க டிஸ்போஸ் பண்ணிடுவாங்க” என்றார்.

அப்படித்தான் செய்தார்கள். நானே பார்த்திருக்கிறேன். கடைசி பஸ் கிளம்புகிற நேரத்தில், மிச்சம் இருக்கிற செருப்புகளைத் துடைப்பத்தால் தள்ளிக் கறுப்புப் பையில் போடுவார்கள். இது யாருடையது, அந்த ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிய இடத்தில் துடைப்பம் வைத்துவிட்டார்கள். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம்.

ஆனாலும் பழைய ஆட்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. தனியாக, வெறுங்காலோடு யாராவது வந்தால் ஷூவைக் கழற்றி அந்த ஆள் உட்கார்ந்த சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவோம். ரோட்டில் எதிரே வருகிற பஸ்ஸை மெதுவாக்கி, ஜன்னல் வழியாக, “நம்மாளு ஏறுச்சா?” என்று கேட்டுக்கொள்வோம். மேனேஜருக்குத் தெரியாது.

முனியம்மா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மஞ்சள் சேலை, புது மொட்டை, நாற்பது நாற்பத்தைந்து வயது. கையில் பட்டன் போன். ஆன்லைனில்தான் டிக்கெட் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். பின்னால் நின்ற ஸ்ரீசிட்டிப் பையன் ஒருவன் தன் போனில் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டான், அவள் சேலை முடிச்சிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

“எந்த ஊரும்மா?”

“விஜயபுரம் பக்கம்ணா. நகரியில தறிக்கு நூல் தார் சுத்தறேன்.”

“நானும் நகரிதான். எங்கம்மாவும் தார்தான் சுத்திச்சி. காலுக்கு ஒண்ணும் போடலியா?”

“வேண்டுதல்ணா. நடந்தே வந்து மலை ஏறுனேன். ஊட்டுக்குப் போய்த்தான் செருப்பு. பொண்ணுக்கு ஆப்பரேஷன் ஆச்சி, பொழச்சிகிச்சி. கூட வந்தவங்க எல்லாம் நேத்தே போய்ட்டாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு சமுத்திரத்தப் பாக்காம போனா எப்டி, பொண்ணு கேப்பா இல்ல?”

“வீட்ல பொண்ணோட யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல. பக்கத்து ஊட்டுல சொல்லிட்டு வந்தேன். பொழுது சாஞ்சதும் வந்துடுவேன்னு சொன்னேன்.”

அவள் இறங்கியதும் என் கறுப்பு ஷூவைக் கழற்றி அந்த சீட்டுக்கு அடியில் வைத்தேன். நாள் முழுக்க வெறுங்காலோடு கிளட்ச் மிதித்தேன். ஒவ்வொரு நடையிலும் குமாரியையும் மற்றவர்களையும் கேட்டேன். மொட்டை அம்மா, மஞ்சள் சேலை, செருப்பு இல்லை. இல்லண்ணா, இல்லண்ணா என்றே பதில் வந்தது. கடைசி நடை என்னுடையது. சூரியன் தோப்புக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பஸ் நிறைந்துவிட்டது. ஷூ சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

மேனேஜர் அந்தச் சின்ன டிவியைத் தட்டிப் பார்த்தார். “ஒரே ஒரு நோ ஷோதான் அங்கிள். கிளம்பிடுங்க.”

“நோ ஷோன்னா இன்னா சார்?”

“வரலைன்னு அர்த்தம்.”

“வரலன்னா எங்க கீறாங்க?”

“அது நம்ம கன்சர்ன் இல்ல அங்கிள். ஆட்டோல போயிருப்பாங்க.”

நான் இன்ஜினை அணைத்துவிட்டு ஹாரனில் கையை வைத்தேன். எடுக்கவில்லை. மேனேஜர் முகம் வெளிறிவிட்டது. ஏ.சி. நின்றதும் உள்ளே இருந்தவர்கள் கொதிக்க ஆரம்பித்தார்கள். முன் சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

“யோவ், எனக்குத் திருப்பதியில டிரெயின் இருக்கு. இன்னாய்யா பிரச்சினை?”

“ஒரு ஜோடி கிடக்குது சார். அந்தம்மா வரணும்.”

அவர் குனிந்து பார்த்தார். “இது ஆம்பள ஷூ.”

“என்னுதுதான் சார்.”

“உன் ஷூ உன் பஸ்ல இருக்கறதுக்கா எங்களையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கே?” என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கு மூளை பிசகிவிட்டது என்றே பார்த்தார்கள். ஒரு அம்மாள் செல்போனில் என்னைப் படம் எடுத்தாள். குழந்தை பசிக்கிறது என்றார் ஒருவர். அந்தக் குழந்தைக்கு ஒரு அம்மா இருக்கிற மாதிரி இந்த அம்மாவுக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்று கத்தினேன்.

அப்போது பின்னாலிருந்து அந்த ஸ்ரீசிட்டிப் பையன் எழுந்தான். “அண்ணா, அந்தம்மாக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். மத்தியானம் தெக்கால நடந்து போய்க்கினு இருந்துது, பாத்தேன்” என்றான். இறங்கினான். அவன் கூட்டாளிகளும் இறங்கினார்கள். தன் நடை முடிந்திருந்த குமாரி முன்னமே பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வடக்கே போயிருந்தாள். நான் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

தெற்கே முகத்துவாரம் என்றேனே, மத்தியானம் நீர் வற்றியிருக்கும்போது முழங்கால் அளவில் நடந்து அந்தப் பக்கத்து மணல்திட்டுக்குப் போய்விடலாம். சாயங்காலம் தண்ணீர் ஏறினால் திட்டு தனியாகிவிடும், திட்டும் சுருங்கிக்கொண்டே வரும். எங்களுக்குத் தெரியும். எச்சரிக்கப் பழைய லைன் ஆட்கள் ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தோம், அழகாக இல்லை என்று கம்பெனி பிடுங்கிவிட்டது. பையன்கள் போய்ப் பார்த்தபோது அவள் இடுப்பளவுத் தண்ணீரில் சேலை முந்தானையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து மீனவக் குப்பத்து ஆட்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார்கள்.

பஸ்ஸில் ஏறி அதே சீட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும். அவள் நடுங்கிக்கொண்டே என்னிடம்தான் பேசினாள்.

“வண்டிங்க எல்லாம் போற சத்தம் கேட்டுதுண்ணா. அவ்ளோதான்னு நெனச்சேன். ஒரே ஒரு வண்டி மட்டும் ஹாரன் அடிச்சிக்கினே கீது. யாரோ யாருக்கோ நிக்கறாங்க, அப்ப ஆளு கீதுன்னு நானும் கத்திக்கினே இருந்தேன்.”

அவள் எழுந்த பிறகு ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாயுடுப்பேட்டையில் நகரிப் பக்கம் போகிற ஒருவரின் காரில் அவளை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மெமோ வந்தது. பஸ்ஸைத் தாமதப்படுத்தியது, தடை செய்த இடத்தில் ஹாரன் அடித்தது, ஷூ அணியாமல் வண்டி ஓட்டியது. மூன்று குற்றம். முனியம்மாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்த மெமோவின்படி ஒரு பெண் தண்ணீரில் நிற்கவே இல்லை, ஒரு கிழவன் காரணமில்லாமல் வெறுங்காலோடு ஹாரன் அடித்திருக்கிறான். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் வருத்தப்பட்டார். “பாலிசி அங்கிள்” என்றார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்த அம்மாள் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. உடனே கம்பெனிக்கு என்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. ஓய்வு பெறும் ஊழியருக்குப் பாராட்டு விழா, கடற்கரையிலேயே, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். நான் ஓய்வு பெறவில்லை, என்னை அனுப்பினீர்கள் என்றேன். “அப்படியெல்லாம் எடுத்துக்காதீங்க அங்கிள்” என்றார் மேனேஜர். குமாரி ஓட்டுகிற பஸ்தான் வருகிறது என்றதால் போனேன்.

மேடையில் முனியம்மா படம், ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ், மொட்டைத் தலையோடு. மேலே கம்பெனி பெயர். அவளைக் கேட்டீர்களா என்றேன். “சோஷியல் மீடியால எடுத்தது” என்றார்கள். மேனேஜர் பேசினார். எங்கள் நவீன சிஸ்டத்தின் விழிப்புணர்வால் ஒரு உயிர் காப்பாற்றப்பட்டது என்றார். எனக்குச் சால்வை போட்டார்கள், ஒரு பெட்டி கொடுத்தார்கள். பிரித்தால் உள்ளே புது ஷூ. கறுப்பு. பளபள. எல்லோரும் கைதட்டினார்கள்.

என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். “போன ஞாயித்துக்கிழமை எத்தன நோ ஷோ? அவங்க எல்லாம் ஊட்டுக்குப் போய்ச் சேந்தாங்களான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?” என்றேன். ஒலிபெருக்கி ஏதோ கரகரத்தது. மேனேஜர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பிடவில்லை. குமாரியின் பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். திட்டம் எல்லாம் போடவில்லை, கை தானாகச் செய்தது. பெட்டியிலிருந்து புது ஷூவை எடுத்து என் சீட்டுக்கு அடியில், நுனி உள்பக்கம் பார்க்க வைத்தேன். என் ரப்பர் செருப்பையும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, கடலைப் பார்த்து நடந்தேன். குப்பத்துப் படகுகள் நிற்கிற இடத்தில், ஒரு படகின் மறைவில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரிய மனிதர்கள் ஏறியிருப்பார்கள். குமாரி கிளம்பாமல் எழுந்து, பழக்கப்படி குனிந்து, சீட்டுக்கு அடியில் பார்த்திருக்கிறாள். “சார், கிடக்குது. ஆள் இல்ல. வண்டி நகராது” என்றாளாம். நோ ஷோ என்று போட்டுவிட்டுப் போகலாமே என்றாராம் யாரோ ஒரு விருந்தாளி. அவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஹாரனில் கையை வைத்தாள். பின்னால் நின்ற பஸ்களும் ஒவ்வொன்றாக இன்ஜினை அணைத்தன. எல்லாம் பழைய லைன் ஆட்கள்.

ஹாரன் எனக்குக் கேட்டது. படகு ஓரமாக எட்டிப் பார்த்தேன். டைல்ஸ் முடிகிற இடத்தில் மேனேஜர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மணலில் இறங்கினார். ஷூவுக்குள் மணல் புகுந்திருக்கும், காலை உதறி உதறி நடந்தார். “ஏகாம்பரம் அங்கிள்! ஏகாம்பரம் அங்கிள்!” என்று கூப்பிட்டுக்கொண்டே தெற்கே முகத்துவாரம் பக்கம் போனார். கம்பெனி வந்த நாளிலிருந்து அவர் ஒரு ஆளைத் தேடிப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து கையைக் காட்டியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.